கடலில் விழுந்த அரசாங்கம்

லெபேகாவை ஒருமுறை கூப்பிட்டால் அவள் காதில் விழாது. இன்னொரு முறை கூப்பிட்டால், "ம்..." என்பாள், ஆனால் திரும்ப மாட்டாள். அப்புறம் தோளைத் தொட்டு உலுக்கினால்தான், எங்கோ வெகுதூரம் போய்விட்டுத் திரும்பியவள் போலக் கண்களைக் கொட்டி, "என்ன?" என்று கேட்பாள்.

"இவ உடம்பு மட்டும்தான் நம்ம ஊர்ல இருக்கு," என்பாள் அம்மா.

உடம்பும் பெரும்பாலும் பாலத்தில்தான் இருக்கும். நுக்குனோனு ஊர் இரண்டு சின்னத் திட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது அந்தப் பாலம். ஒரு பக்கம் எல்லையில்லாத பெருங்கடல், கருநீலமாக, எந்நேரமும் இரைந்துகொண்டு. மறுபக்கம் காயல், இளம்பச்சையாக, தூங்கும் குழந்தையைப் போலச் சத்தமில்லாமல். பாலத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு லெபேகா இலைகளைத் தண்ணீரில் போடுவாள். அவளுக்கு ஒவ்வொரு இலையும் ஒரு கப்பல். கப்பலுக்குள் அவளே உட்கார்ந்திருப்பாள். மேகத்தில் வீடு கட்டியவர்களின் ஊருக்கும், மீன்கள் பள்ளிக்கூடம் போகும் ஊருக்கும் போய் வருவாள்.

அன்று காலையில் அவளை அப்படி மிதக்க யாரும் விடவில்லை. ஏனென்றால் அன்று ஊருக்கு அரசாங்கம் வருகிறது.

லெபேகாவின் நாடான டோக்கெலாவில் தலைநகரம் என்று ஒன்று கிடையாது. மூன்றே தீவுகள். பெரிய காரியங்களை எங்கோ தெற்கே இருக்கும் நியூசிலாந்து பார்த்துக்கொள்ளும். ஊர்க் காரியங்களை அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று ஊருக்கும் பொதுவான தலைவருக்கு ஊலு என்று பெயர். இந்த ஆண்டு ஒரு தீவுக்காரர் ஊலு என்றால், அடுத்த ஆண்டு இன்னொரு தீவுக்காரர். அதனால் அரசாங்கமும் ஆண்டுக்கொரு தீவில் குடியிருக்கும். இதுவரை அட்டாஃபு தீவில் இருந்தது. இனி நுக்குனோனுவின் முறை.

கரையில் ஊரே கூடியிருந்தது. பூமாலைகளோடு பெண்கள், வெள்ளைச் சட்டையில் பெரியவர்கள். கப்பல் பவளப்பாறைக்கு வெளியே ஆடிக்கொண்டு நின்றது. பாறையைத் தாண்டி அதனால் வரமுடியாது. பாறையில் வெட்டிய குறுகலான வாய்க்கால் வழியாகச் சின்னப் படகில்தான் ஆட்களையும் சாமான்களையும் கொண்டுவர வேண்டும். அந்தப் படகை ஓட்டுவது லெபேகாவின் தாய்மாமா மனுவேலே.

மனுவேலே மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. அலையோடுகூடப் பேசுவார். "வா தாயி, வா! முதுகுல ஏத்திக்கிட்டுப் போ, தலையில மட்டும் கொட்டிடாத!" என்பார்.

அன்று அவர் படகில் அட்டாஃபு தீவு விருந்தாளிகள் நிறைய இருந்தார்கள். பாட்டுப் பாடும் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், கைத்தடி ஊன்றிய தாத்தா ஒருவர். மாமாவின் காலருகே ஒரு துலுமா. துலுமா என்றால் மரத்தைக் குடைந்து செய்த மூடிபோட்ட பெட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, கடலில் விழுந்தாலும் மிதக்கும். மீனவர்கள் தூண்டில் முள்ளை அதில்தான் வைப்பார்கள். இந்தத் துலுமாவில் இருந்தது தூண்டில் முள் அல்ல. ஊலுவின் முத்திரையும், ஊதா மை தோய்ந்த மைப்பெட்டியும்!

படகு வாய்க்காலுக்குள் நுழையும் நேரம். பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எழுந்து படகின் பின்புறத்தைத் தூக்கியது. குழந்தைகள் வீரிட்டன. மாமா இரண்டு கையாலும் சுக்கானை இறுக்கிப் பிடித்தார். துலுமா ஒரு துள்ளு துள்ளியது. படகின் விளிம்பில் ஒரு நொடி உட்கார்ந்தது. பிறகு 'தொபுக்'கென்று நுரைக்குள் போய்விட்டது.

படகு பத்திரமாகக் கரை சேர்ந்தது. துலுமா சேரவில்லை.

 அந்தக் கைத்தடித் தாத்தா சத்தம்போட்டுச் சிரித்தார்.

"நாங்க வருஷம் முழுக்கக் காப்பாத்தி வச்சிருந்தோம். நீங்க வாங்கின நிமிஷத்துலயே அரசாங்கத்தைக் கடல்ல போட்டுட்டீங்களே!"

அட்டாஃபுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நுக்குனோனுக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. புது ஊலுவின் முகம் சிவந்துவிட்டது.

"சாயங்காலம் விழா. முத்திரை இல்லாம நான் எதைக் கையில வாங்குறது? ஏன்டா மனுவேலே, ஒரு பெட்டியப் பிடிச்சுக்கத் தெரியாதா உனக்கு? இனிமே நீ படகைத் தொட வேணாம்."

மாமா சுக்கானை விட்டுவிட்டுப் படகிலிருந்து இறங்கினார். 

 லெபேகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டியைப் பிடிக்க மாமா ஒரு கையை எடுத்திருந்தால் படகு பாறையில் மோதியிருக்கும். அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு தென்னைமரத்தடியில் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மாமா கடலுக்கு முதுகைக் காட்டி லெபேகா பார்த்ததே இல்லை.

"மாமா..."

"போ கண்ணு. போய் விளையாடு."

அவ்வளவுதான் பேச்சு.

ஆண்கள் எல்லோரும் படகுகளைத் தள்ளிக்கொண்டு பாறைக்கு வெளியே போய்த் தேடினார்கள். மேற்கே போனார்கள், இன்னும் மேற்கே போனார்கள். கடலில் விழுந்த எதுவும் அந்தப் பக்கம்தான் போகும் என்றார்கள். உச்சிவெயில் ஏறியது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

லெபேகா பாலத்துக்குப் போனாள். வருத்தமாக இருந்தால் அவள் போகும் இடம் அதுதான். கை தானாக ஓர் இலையைப் பறித்துத் தண்ணீரில் போட்டது. இலை மெல்லச் சுழன்றது. பிறகு பாலத்தின் அடியில் புகுந்து, காயலை நோக்கி மிதந்து போனது. லெபேகாவும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு...

சட்டென்று இலையை விட்டு இறங்கினாள்.

காயலை நோக்கி! கடல் பொங்கும் நேரத்தில் தண்ணீர் வெளியே போவதில்லை, உள்ளேதான் வரும். வடியும்போதுதான் வெளியே போகும். எத்தனை இலைக்கப்பல்களை அவள் அனுப்பியிருக்கிறாள்! காலையில் படகு வந்தபோது கடல் பொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் இந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் துலுமா மேற்கே போகவே இல்லை.

அவள் எழுந்து காயல் கரையோரமாக நடந்தாள். கரையில் தென்னை ஓலைகளின் நிழல் தண்ணீருக்குள் அசைந்தது. நிழலுக்குள் சின்ன மீன்கள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. ஊர்ச் சத்தம் தேய்ந்து போய், எங்கோ ஒரு சேவல் மட்டும் தூக்கத்தில் கூவுவதுபோலக் கூவியது. பாறை இடுக்குகளைப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட படகின் பின்னால் பார்த்தாள். துலுமா இல்லை.

திட்டின் முனையில் பன்றிப்பட்டி. கொழுத்த பன்றி ஒன்று வேலி இடுக்கில் மூக்கை நீட்டி அவளைப் பார்த்தது. லெபேகாவும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

பன்றியின் நெற்றியில் ஊதா நிறத்தில் வட்டமாக ஏதோ இருந்தது. வட்டத்துக்கு நடுவே ஒரு துலுமாவின் படம்.

"உனக்கு யாரு முத்திரை போட்டது?" என்று கேட்டாள் லெபேகா.

பன்றி 'ர்ர்ம்' என்றது. அதற்கு மேல் அரசு ரகசியத்தை வெளியிட அது தயாராக இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஓர் ஈரப்பலாக் காய் விழுந்து கிடந்தது. அதிலும் முத்திரை. ஒரு படகின் பக்கவாட்டில் முத்திரை, கோணலாக. அதற்கும் அப்பால், மர நிழலில் ஊர்ப் போலீஸ்காரர் தாவித்தா பாய் விரித்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கடலில் தேடிய களைப்பு. லெபேகா குனிந்து பார்த்தாள். அவருடைய இடது உள்ளங்காலில், மிகத் தெளிவாக, டோக்கெலாவ் நாட்டின் முத்திரை!

லெபேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாவித்தாவும் தூக்கத்தில் சிரித்தார். எங்கோ நல்ல கனவு.

அவரைத் தாண்டி ஒரு தாழம்புதர். புதருக்குப் பின்னால் 'டப்... டப்...' என்று மெல்லிய சத்தம். லெபேகா எட்டிப் பார்த்தாள்.

மணலில் புவா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேராத வாண்டு. இரண்டு கையும் ஊதா. மூக்கு நுனி ஊதா. பக்கத்தில் மூடி திறந்த துலுமா. எதிரே அகலமான ஈரப்பலா இலைகள் ஒரு குவியல். ஒவ்வோர் இலையாக எடுத்து, மடியில் வைத்து, முத்திரையை 'டப்' என்று அழுத்தினாள். பிறகு எழுந்துபோய் இலையைத் தண்ணீரில் விட்டாள். காயலில் ஊதா முத்திரையோடு இலைகள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன.

"புவா!"

புவா திடுக்கிட்டு முத்திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது என்னுது. தண்ணிதான் குடுத்துச்சு."

"சரி, சரி. நான் பிடுங்க மாட்டேன்." லெபேகா மணலில் உட்கார்ந்தாள். "பன்னிக்கு எதுக்குடி முத்திரை போட்ட?"

"நல்லா விழுதான்னு பாத்தேன்."

"போலீஸ் மாமாவுக்கு?"

"அவரு தூக்கத்துல சிரிச்சாரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான்."

"இந்த இலை எல்லாம்?"

 புவா மிதக்கும் இலைகளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மாவுக்கு," என்றாள்.

லெபேகாவுக்கு நினைவு வந்தது. புவாவின் அம்மா பிரசவத்துக்காகக் கப்பலேறி, சமோவாவில் இருக்கும் ஆப்பியா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். புவாவை அத்தை பார்த்துக்கொள்கிறாள்.

"அத்தை சொன்னாங்க, ஆப்பியாவுல முத்திரை போட்ட அனுமதி இருந்தாத்தான் கப்பல்ல ஏத்துவாங்களாம்," என்றாள் புவா. "அம்மாகிட்ட முத்திரை இல்ல போலருக்கு. அதான் வரல. ஒரு இலை தொலைஞ்சாலும் இன்னொரு இலை போயிடும்ல?"

தூரத்தில் ஊரில் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விழாவுக்கு ஒத்திகை. துலுமாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒரு நொடியில் மாமாவின் முகம் மலர்ந்துவிடும். லெபேகா அந்த ஊதா விரல்களைப் பார்த்தாள். அவை முத்திரையை விடவே இல்லை.

அவள் இலைகளைப் பார்த்தாள். இந்த இலைகள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். காயலைச் சுற்றிவிட்டு ஏதாவது ஒரு திட்டில் ஒதுங்கும். ஆப்பியாவுக்குப் போகாது. மேகத்து ஊருக்கு வேண்டுமானால் போகலாம்.

"புவா, இந்த இலை எதுவும் ஆப்பியாவுக்குப் போகாதும்மா," என்றாள் மெதுவாக. "நானும் நிறைய விட்டுப் பாத்திருக்கேன்."

புவாவின் உதடு பிதுங்கியது.

"ஆனா ஆப்பியாவுக்குப் போற கப்பல் ஒண்ணு வெளிய நிக்குது. நிஜக் கப்பல். அந்தக் கப்பல அனுப்புறவரு இந்த முத்திரையத் தேடிக்கிட்டு இருக்காரு. நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு, உங்கம்மாவப் பத்தி நேராக் கேளேன்."

"திட்டுவாங்களா?"

"தெரியல," என்றாள் லெபேகா. "திட்டினா நானும் பக்கத்துலதான் நிப்பேன். பாதி எனக்கு, பாதி உனக்கு."

 புவா நல்ல இலையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ரொம்பக் கவனமாக 'டப்' என்று ஒரு முத்திரை போட்டாள். பிறகு முத்திரையைத் துலுமாவில் வைத்து மூடினாள்.

ஊர் மண்டபத்தில் பெரியவர்கள் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் கூடியிருக்கும்போது குழந்தைகள் உள்ளே போகக்கூடாது. லெபேகாவின் கால் வாசலில் தயங்கியது. உள்ளே ஊலு, "அப்போ முத்திரை இல்லாமலே ஆரம்பிப்போம், வேற வழி?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அட்டாஃபுக் கைத்தடித் தாத்தா குறும்பாக இருமினார்.

லெபேகா புவாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"ஏய் கனவுக்காரி! இங்க எங்க வந்த?" என்று யாரோ அதட்டினார்கள்.

புவா யாரையும் பார்க்கவில்லை. நேராக ஊலுவின் முன் போய் நின்றாள். துலுமாவைக் கீழே வைத்தாள். அதன்மேல் இலையை வைத்தாள்.

"இது உங்களோடது. இது எங்கம்மாவோடது," என்றாள்.

மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. ஊலு துலுமாவைத் திறந்தார். உள்ளே ஈரமே இல்லை. முத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு இலையை எடுத்தார். அப்புறம் புவாவின் ஊதா மூக்கைப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது? இது என்ன இலை?"

புவாவுக்கு அதற்குள் தைரியம் தீர்ந்துவிட்டது. லெபேகாவின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லெபேகாதான் சொன்னாள். தண்ணீர் காயலுக்குள் வந்ததை, அம்மா வருவதற்காகப் புவா இலைகளை விட்டதை. பன்றியைப் பற்றியும் சொல்லவேண்டியதாயிற்று.

"பன்னி மேலயா!" என்று அலறினார் ஒரு பெரியவர். அப்போதுதான் எழுந்து வந்த போலீஸ்காரர் தாவித்தா, "அரசு முத்திரையப் பன்னி மேல போடுறதா? யாரா இருந்தாலும் விசாரிக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருடைய இடது உள்ளங்கால் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

முதலில் சிரித்தது கைத்தடித் தாத்தா. அடுத்து ஊலு. அதன்பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கடினம். தாவித்தா மட்டும், "என்ன? என்ன?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கும் வரை லெபேகா காத்திருந்தாள். அவள் மனதில் இன்னொன்று இருந்தது. 

"மாமா..." என்றாள். "மனுவேலே மாமா பெட்டியப் பிடிச்சிருக்க முடியும். ஆனா சுக்கானை விட்டுருக்கணும். படகுல பாப்பா எல்லாம் இருந்துச்சு."

 அட்டாஃபுத் தாத்தா கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"பொண்ணு சொல்றது சரிதான். நானும் அந்தப் படகுலதான இருந்தேன். அவரு ஒரு கைய விட்டிருந்தா, இப்போ உங்களக் கிண்டல் பண்ண நான் இருந்திருக்க மாட்டேன்."

ஊலு எழுந்தார். மண்டபத்தை விட்டு இறங்கி, தென்னைமரத்தடிக்கு அவரே நடந்து போனார். மாமாவிடம் என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாமாவின் குரல் வாசலுக்கு வெளியிலிருந்தே கேட்டது: "எங்க அந்தப் பன்னி? அதிகாரிக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு வரேன்!"

விழா தொடங்குமுன் ஊலு புவாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "உங்கம்மாவுக்கு அனுமதி ஏற்கெனவே இருக்கு கண்ணு. பாப்பா பிறந்து கொஞ்சம் தேறணும்னுதான் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு இந்தக் கப்பல் ஆப்பியா போகும். திரும்பி வரப்போ அவங்க வருவாங்க. இந்த இலையக் கேப்டன்கிட்டயே குடுத்து அனுப்பிடுவோமா?"

புவா தலையாட்டினாள். ஊலு இலையின் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டார். அந்த ஆண்டு அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

கப்பல் போனது. நாட்கள் காயல் நீரைப்போலச் சத்தமில்லாமல் நகர்ந்தன. பிறகு ஒரு காலையில் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி வளர்ந்து கப்பலானது. மனுவேலே மாமா அலையிடம் பேசிக்கொண்டே வாய்க்கால் வழியாகப் படகைக் கொண்டுவந்தார். அலை அன்று பூனைக்குட்டிபோல இருந்தது. படகின் நடுவே புவாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் வெள்ளைத்துணி மூட்டை ஒன்றோடு.

படகு மணலைத் தொடுமுன்பே புவா தண்ணீருக்குள் ஓடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குக் கை போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். மிக அருகில் நின்றவளிடம், "கொஞ்ச நேரம் தம்பியப் பிடிச்சுக்கம்மா," என்று மூட்டையை நீட்டினாள்.

லெபேகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இளஞ்சூடாக, ஓர் ஈரப்பலாக் காயின் கனத்தில் இருந்தான் அவன். கரையெல்லாம் ஒரே கூச்சல், பாட்டு, மாலை. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. தலைக்கு மேலே மேகங்கள் காயலின் நிறத்தை வாங்கிக்கொண்டு, அடிவயிறு பச்சையாக, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தன. அவன் கண்ணைத் திறந்து அவற்றைப் பார்த்தான். அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டேய் குட்டி," என்று கூப்பிட்டாள் லெபேகா.

அவன் திரும்பவில்லை.

லெபேகா சிரித்தாள். அவள் அவனை உலுக்கவில்லை. அவன் போய்விட்டுத் திரும்பி வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.